பேட் மாற்றச் சொல்லும் முன் சக்கரத்தைக் கழற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பகுதியில் ஒரு வாசகர், பிரேக் பிடித்தால் கார் கீச்சென்று கத்துகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 'பிரேக் பேட் தேய்ந்திருக்கும், உடனே மாற்றிவிடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டிருந்தீர்கள். படித்ததும் எனக்குத் தாங்கவில்லை. இதே ஒரு வரியை நம்பி 14,800 ரூபாயை எண்ணி வைக்க இருந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டுவதாக இருந்தால் என் புலம்பலை வெட்டுங்கள், பிரேக் சமாச்சாரத்தை விட்டுவிடுங்கள்.

என்னுடையது 2015 மாடல் சின்ன கார், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காரமடையிலிருந்து கோவைக்குத் தினமும் போய் வருகிறேன். போன ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை, மழை விட்ட பிறகு ஆரம்பித்தது சத்தம். வேகமாகப் போகும்போது ஒன்றும் இல்லை, அழுத்தி மிதித்தாலும் இல்லை. ரயில்வே கேட்டுக்கு முன்னால் ஊர்ந்து வந்து லேசாகக் கால் வைப்பேன், அப்போதுதான் 'கீ...ச்' என்று ஒரு இழுப்பு. டீக்கடை பெஞ்சில் இருப்பவர்கள் கிளாஸும் கையுமாகத் திரும்பிப் பார்ப்பார்கள். 'ஊரையே கூட்டீட்டு வாரீங்க' என்று வீட்டில் கிண்டல்.

முதலில் போனது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு. ஏசி அறை, காபி, கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி. கிலோமீட்டரைப் பார்த்தார், சத்தம் வருகிறது என்று சொன்னதைக் குறித்துக்கொண்டார், ஐந்தாவது நிமிடத்தில் எஸ்டிமேட் வந்துவிட்டது: முன்பக்கம் இரண்டு டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), நான்கு பேட் (அந்தத் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை), காலிப்பர் கிட், கூலி, வரி, எல்லாம் சேர்த்து 14,800. 'பேட்டில் இன்னும் எத்தனை மில்லிமீட்டர் இருக்குங்க தம்பி?' என்று கேட்டேன். 'சார், அறுபதாயிரம் தாண்டிடுச்சே' என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை. ஒரு சக்கரத்தைக்கூட யாரும் கழற்றவில்லை, ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் புங்கமரத்தடியில் ஷெட் போட்டிருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். வயதில் என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் செய்த முதல் காரியம், கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு நூற்பாலையின் நீளமான காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மெதுவாக வண்டியை ஓட்டியதுதான். சுவரில் பட்டுச் சத்தம் திரும்பி வரும், எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று காதே சொல்லிவிடும். போகும்போது இடது பக்கம் சுவர், திரும்பி வரும்போது வலது பக்கம். அப்புறம் ஆளில்லாத இடத்தில் ஊர்ந்தபடியே ஹேண்ட் பிரேக்கை மட்டும் லேசாக இழுத்துப் பார்த்தார். சத்தம் இல்லை. 'பின்னாடி இல்லீங்க, முன்னாடி இடது பக்கந்தானுங்க' என்றார். இத்தனைக்கும் இன்னும் ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை.

சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இடுக்கி போன்ற பாகம்தான் காலிப்பர். சின்ன கார்களில் பெரும்பாலும் அதற்கு உள்பக்கம் மட்டும்தான், பிரேக் ஆயில் அழுத்தத்தில் நகர்கிற பிஸ்டன் உண்டு. பிஸ்டன் உள் பேட்டைத் தள்ளி டிஸ்க்கில் அழுத்தும், அந்த அழுத்தத்தின் எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் சறுக்கி வந்து வெளி பேட்டையும் இழுத்து அழுத்தும். சறுக்க வேண்டிய அந்தப் பின் சறுக்கவில்லை என்றால் கதை முடிந்தது, ஒரு பேட் உழைக்கும், இன்னொன்று சும்மா உட்கார்ந்திருக்கும். என் வண்டியில் மேல் பின் கையோடு வந்துவிட்டது. கீழ் பின்னைக் கட்டிங் பிளையரால் திருகித் திருகி இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது அதில் இருந்த கிரீஸ் காய்ந்து கருப்பட்டிப் பாகு இறுகியது மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. ரப்பர் உறையில் ஒரு விரிசல், மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது.

பேட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காருக்குள் கிடந்த என் மகளின் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தோம். உள் பேட் 4 மில்லிமீட்டர், வெளி பேட் 8. இரண்டும் ஒரே நாளில் போட்டவை. வெளி பேட்டின் முதுகில் இருக்க வேண்டிய மெல்லிய தகடு, ஷிம் என்பார்களே, அதைக் காணோம், எங்கே விழுந்ததோ. 'பேட் கொழுப்பாத்தானுங்க இருக்குது, பின்னுதான் காஞ்சு போச்சுங்க' என்றார் அண்ணன். டிஸ்க்கில் ஓரமாக மெல்லிய வரப்பு ஒன்று எழும்பியிருந்தது, மற்றபடி விரல் நகத்தால் இழுத்தால் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் எதுவும் இல்லை.

பின்னைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஓட்டையைத் துடைத்து, ரப்பருக்கென்றே வருகிற சிலிக்கான் கிரீஸைச் சுண்டைக்காய் அளவு தடவி, புது ரப்பர் உறை, புது ஷிம், பேட் உட்காரும் கிளிப் புதிது, பேட்டின் முகத்தை உப்புத்தாளில் நாலு தேய்ப்பு. வலது பக்கத்தையும் கழற்றி அதே வேலை. ஒன்றே முக்கால் மணி நேரம், 950 ரூபாய். அதற்குப் பிறகு கேட்டுக்கு முன்னால் கீச்சுச் சத்தம் இல்லை.

இதை என் கெட்டிக்காரத்தனத்துக்காகச் சொல்லவில்லை. கீச்சுச் சத்தம் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்றதும் ஒரே மாத்திரையை எழுதிக் கொடுக்கும் டாக்டரை நாம் நம்புவதில்லை. என்றைக்கு, எந்த நேரத்தில், எப்படி மிதித்தால் வருகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். உங்கள் பதிலில் அந்தக் கேள்விகள் இருந்திருக்க வேண்டும்.

முதலில் சத்தம் ஏன் வருகிறது? உறுமி மேளம் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கத் தோலில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்ப்பார்கள், தட்டுவதே இல்லை, ஆனாலும் அடிவயிற்றிலிருந்து உறுமும். குச்சி தோலைப் பிடிக்கும், வழுக்கும், மறுபடி பிடிக்கும், அந்த நடுக்கம்தான் ஒலி. பேட்டும் டிஸ்க்கும் செய்வது அதையேதான், என்ன ஒன்று, இங்கே நடுங்குவது இரும்பு, அதுவும் நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல், அதனால் உறுமாமல் கீச்சிடுகிறது. ஷிம் தகடு, கிளிப், சரியான இடத்தில் வைத்த கிரீஸ், இவை எல்லாம் அந்த நடுக்கத்தை அமுக்கத்தான் இருக்கின்றன. அவசரத்தில் பேட்டை மட்டும் மாற்றி, பழைய கிளிப்பைத் துருவோடு அப்படியே விட்டு, ஷிம்மைக் குப்பையில் போட்டுவிட்டால் புது பேட்டும் கத்தும். 'போன மாதம்தான் மாற்றினேன், மறுபடி கத்துது' என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பேட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் சத்தம் வந்து அப்புறம் காணாமல் போனால் அது ராத்திரி பிடித்த துரு. டிஸ்க் வார்ப்பிரும்பு, மழை பெய்தாலோ வாட்டர் சர்வீஸ் விட்டு நிறுத்தி வைத்தாலோ காலைக்குள் ஒரு செம்மண் பூச்சு படிந்துவிடும், பேட் தேய்த்துத் தேய்த்து அதுவே போய்விடும். இதற்கு ஒரு பைசா செலவு செய்ய வேண்டாம். ஆனால் மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி வேறு கதை, அங்கே துரு அரித்துக் குழி விழுந்திருக்கும்.

பேட்டே தன் சாவைச் சொல்கிற சத்தமும் ஒன்று உண்டு. பல பேட்களில் ஓரமாக ஒரு சின்ன எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். தேய்கிற பகுதி 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட ஆரம்பிக்கும், மெல்லிய, உச்சஸ்தாயியில், கொசு காதோரம் பாடுவது போன்ற சத்தம். சில வண்டிகளில் பிரேக் பிடித்தால் வரும், சிலவற்றில் சும்மா ஓடும்போதே வந்து பிரேக் மிதித்தால் நின்றுவிடும். இந்த ஒரு சத்தத்துக்கு மட்டும்தான் உங்கள் ஒரு வரிப் பதில் பொருந்தும்: பேட்டை மாற்றுங்கள், அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். எல்லா பேட்டிலும் இந்த நாக்கு இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், இல்லாதவை சொல்லாமல் கொள்ளாமல் தேய்ந்து தீரும்.

அதையும் கேளாமல் விட்டால் கீச்சு போய் கரகரப்பு வரும், அம்மியில் கல்லைத் தேய்ப்பது போல, பெடலிலும் அது காலுக்குத் தெரியும். அப்போது பேட் தீர்ந்து அதன் பின்தகடு டிஸ்க்கை அறுக்கிறது. அன்றைக்கு வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். டிஸ்க் தப்புமா என்பதற்கும் கணக்கு இருக்கிறது, இதற்கு மேல் மெலியக் கூடாது என்ற குறைந்தபட்சத் தடிமனைப் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்கு மேலே இருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்யலாம், கீழே போய்விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

ஒரு சக்கரம் சுற்றுகிற தாளத்துக்கு ஏற்ப கீச்... கீச்... என்று விட்டுவிட்டு வந்தால் டிஸ்க் கோணியிருக்கலாம், அல்லது டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தூசித் தகடு வளைந்து உரசலாம், அல்லது ஜல்லி ஒன்று நடுவில் மாட்டியிருக்கலாம். புதிதாக ஜல்லி கொட்டிய ரோட்டில் போய் வந்த மறுநாள் ஒருவர் பதறிப்போய் வந்தார், அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் தகட்டை லேசாக நெம்பினார், உள்ளேயிருந்து கடலைப்பருப்பு அளவு கல் விழுந்தது. காசு வேண்டாம் என்றுவிட்டார், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார் அந்த மனிதர்.

பின்பக்கம் டிஸ்க்குக்குப் பதிலாக டிரம் இருக்கிற வண்டிகளில் சத்தம் கொஞ்சம் கனமாக, முனகல் மாதிரி வரும். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கிற ஷூ தேய்ந்த தூள் வெளியே போக வழியில்லாமல் டிரம்முக்குள்ளேயே சேர்ந்துவிடும், ஷூ நகரும்போது பின்தகட்டில் உரசும் இடங்களும் வறண்டு போகும். திறந்து, சுத்தம் செய்து, அந்த இடங்களில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸை ஒரு பொட்டு வைத்தால் தீரும். இங்கே ஒன்று முக்கியம்: அந்தத் தூளைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1902-ல் இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்பவர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது, உலோகத்தின் மேல் உலோகம் உரசி அது பயங்கரமாகக் கத்தியதாம். 1907-ல் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் அந்த இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் வைத்த பிறகுதான் சத்தம் அடங்கியது. ஆக டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே கீச்சு இருக்கிறது. ஆனால் சத்தத்தை அடக்கிய ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைத் தின்னும் என்பது பின்னால் தெரிந்தது. பழைய லைனிங்குகளில், அதாவது பேட்டிலும் ஷூவிலும் தேய்கிற பகுதியில், அது இருந்தது. இன்றைய பேட்களில் பெரும்பாலும் இல்லையென்றாலும் அந்தத் தூள் மூக்குக்குப் போக வேண்டிய பொருள் இல்லை. மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் அடித்து, ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இனி மலைக்காரர்களின் சத்தம். எங்கள் பக்கத்தில் ஊட்டி, கோத்தகிரி போய்வந்த வண்டிகளுக்கு இது அடிக்கடி வரும். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. இதில் இறங்கும்போது முழுக்க பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் பேட் சூடேறி அதன் முகம் கண்ணாடி போலப் பளபளத்து இறுகிவிடும். அப்புறம் சமவெளியில் லேசாக மிதித்தாலும் கத்தும், பிடிப்பும் குறையும். பளபளப்பு லேசாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்து எடுத்துவிடலாம், ஆழமாக எரிந்திருந்தால் பேட்டை மாற்ற வேண்டியதுதான். ஹேக்ஸா பிளேடால் பேட்டின் குறுக்கே கோடு அறுத்துவிடும் வழக்கமும் சிலரிடம் இருக்கிறது, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வதைக் கேட்டால் இந்தப் பிரச்சினையே வராது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களை என்ன சொல்ல. சிலர் எஞ்சினையே அணைத்துவிடுகிறார்கள், எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவி செய்கிற வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது போல.

ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே நிற்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடாதீர்கள், சுட்டுவிடும். மூன்று சாதாரணமாக இருந்து ஒன்று மட்டும் அடுப்புபோல அனலடித்தால் அங்கேதான் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது. மைலேஜ் குறைவதும், கருகிய வாடையும், வண்டி ஒரு பக்கமாக இழுப்பதும் கூடவே வரும். அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்கிறேன் என்று மட்டும் போகாதீர்கள், டிஸ்க் கோணிவிடும்.

வீட்டில் தாங்களே பார்க்க நினைப்பவர்களுக்கு, சக்கரத்தைக் கழற்றிப் பேட்டின் தடிமனைப் பார்ப்பது ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு, அப்புறம் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி நிற்காதீர்கள், கழற்றிய சக்கரத்தையே வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். காலிப்பரைக் கழற்றினால் அதைப் பிரேக் ஆயில் வருகிற ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் மேலே கட்டுங்கள். புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய அந்த ஆயில் மட்டம் தானாகவே இறங்கும், இறங்கியதைப் பார்த்து நடுவில் யாராவது ஊற்றி நிரப்பியிருந்தால், பிஸ்டனைத் தள்ளும்போது அது வழிந்து பெயிண்டை உரித்துவிடும். என் பானெட்டுக்கு அடியில் அப்படி ஒரு தழும்பு இருக்கிறது, நானே செய்துகொண்டது.

எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவதற்கு முன், பெடலை நாலைந்து தடவை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும், பயப்பட வேண்டாம், பிஸ்டன் பேட்டைத் தேடி வருகிறது, மூன்றாவது நான்காவதில் பெடல் கெட்டியாகிவிடும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து நேராக வாசல் தூணில் போய் நின்றவரை எனக்குத் தெரியும், அவர் மானத்தை உத்தேசித்து மேலே சொல்லவில்லை. கெட்டியாகாமல் பஞ்சு போலவே இருந்தால் பிரேக் ஆயில் லைனில் காற்று இருக்கிறது, அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கிரீஸ் விஷயத்திலும் தவறு நடக்கிறது. வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைக் காலிப்பர் பின்னில் தடவினால் ரப்பர் ஊதிப்போய்ப் பின் மறுபடி இறுகும், ஆறு மாதத்தில் பழைய நிலைமை. சிலிக்கான் கிரீஸ்தான். பேட்டின் முதுகிலும், கிளிப்பில் உட்காரும் காதுகளிலும் சூடு தாங்கும் கிரீஸ் ஒரு மெல்லிய பூச்சு. பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளி எண்ணெய்ப்பசை படக்கூடாது. என் நண்பர் ஒருவர் கதவுக் கீலுக்கு அடிக்கிற துரு எடுக்கும் ஸ்ப்ரேயைச் சக்கர இடுக்கு வழியாக டிஸ்க்கில் அடித்துவிட்டார். சத்தம் நின்றுவிட்டது என்று எனக்கு போன் போட்டுச் சொன்னார், பிரேக்கும் நின்றுவிட்டது என்பது தெருமுனைக்குப் போனபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, எதிரே இருந்தது மணல் குவியல். அந்த பேட்டைக் கழுவிப் பயனில்லை, எண்ணெய் குடித்த பேட் குடித்ததுதான், தூக்கிப் போட வேண்டியிருந்தது.

புது பேட் போட்டால் அதைப் பழக்கவும் வேண்டும். காலியான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்துக்கு நிதானமாகக் குறைத்து, முழுக்க நிறுத்தாமல், மறுபடி வேகமெடுத்து, எட்டுப் பத்துத் தடவை. நடுநடுவே ஆறவிட வேண்டும். அப்போதுதான் பேட்டின் பொருள் டிஸ்க்கில் சீராக ஒரு படலம் பிடிக்கும். முதல் நாளே சேலம் ஹைவேயில் போய் அவசர பிரேக் அடித்தால் திட்டுத் திட்டாகப் பிடித்து, சத்தமும் அதிர்வும் கூடவே வரும். பேட்டைக் கொடுக்கிற கடைக்காரர் யாராவது இதைச் சொல்கிறாரா? பில்கூடக் கேட்டால்தான் தருகிறார்கள். சென்னை பாடியிலும் அம்பத்தூரிலும் அறுபது எழுபதுகளிலிருந்து பிரேக்கும் லைனிங்கும் செய்து உலகத்துக்கே அனுப்புகிறோம், பிரேக்ஸ் இந்தியா, ரானே, சுந்தரம் என்று பெயர்களுக்குக் குறைவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அட்டைப்பெட்டியில் பெயரே இல்லாத பேட்டை இருநூறு ரூபாய் மிச்சம் என்று வாங்கி மாட்டுகிறோம். கடினமான மலிவு பேட் கத்தத்தான் செய்யும், அதைவிட மோசம், டிஸ்க்கையும் தின்றுவிடும்.

பிரேக் ஆயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீச்சுச் சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சக்கரம் கழற்றிய நாளில் கேட்க மறக்கக்கூடாத கேள்வி அது. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிநிலை தாங்க வேண்டும், ஈரம் சேர்ந்த பிறகு அதன் அளவுகோலே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரத்தோடு 155. மலையில் இறங்கும்போது அது லைனுக்குள்ளேயே கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும், சத்தமே வராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். என் எஸ்டிமேட்டில் 14,800 ரூபாய்க்கு இத்தனை ஐட்டம் இருந்ததே, ஆறு வருடமாக மாற்றாத பிரேக் ஆயில் அதில் இல்லை. இன்று வரை எனக்கு ஆறாதது அதுதான்.

சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம் செல்லும். அதுவரை ரோட்டில் நிறுத்தினால் புகைச் சான்றிதழ் கேட்பார்கள், இன்சூரன்ஸ் கேட்பார்கள், பேட் எவ்வளவு இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. அதனால் பிரேக்கைப் பற்றி நமக்குச் செய்தி சொல்ல இருப்பது அந்தச் சத்தமும் ஒர்க்‌ஷாப்பும்தான். ஒர்க்‌ஷாப்காரர்களிடம் நான் கேட்பது மூன்றே விஷயம். எஸ்டிமேட் போடுவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள், அதற்குத் தனியாக இருநூறு முந்நூறு கூலி வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். பேட்டின் தடிமனை, உள் பேட் இவ்வளவு, வெளி பேட் இவ்வளவு என்று தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்காமலே டிக்கியில் வைத்துவிடுங்கள். வாசகர்களும் இதைக் கேட்டு வாங்கலாம், கூச்சப்பட ஒன்றுமில்லை, நகைக்கடையில் பழைய தங்கத்தை உருக்கும்போது கண்ணெதிரே உருக்கச் சொல்கிறோமே.

உங்கள் வாகனப் பகுதியில் பதில் எழுதுகிறவரும் அந்த வாசகருக்கு இன்னொரு முறை விரிவாக எழுதினால் நல்லது. அவர் இதற்குள் மாற்றாமல் இருந்தால் முதலில் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஒரு நீளமான சுவராகத் தேடிக்கொள்ளச் சொல்லுங்கள். என் காரில் இப்போது மழை நாளில் காலையில் வண்டியை எடுத்ததும் மட்டும் ஒரு சின்ன கீச்சு வருகிறது, டீக்கடை வருவதற்குள் நின்றுவிடும். அது துருதான், அதை விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரமடை.